படம் கீறுற புள்ளைக்கு எவ்வளவு குடுக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

நம்ம ஊரில் ஒரு கூட்டம் நடத்துவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்னரே ஹோல் பார்க்கிறோம். கதிரைக்குச் சொல்கிறோம். சவுண்ட் காரருக்கு முற்பணம் கொடுக்கிறோம். பகல் சாப்பாட்டுக்கு எத்தனை சஹன் என்று இரண்டு பேர் இருந்து கணக்குப் போடுகிறார்கள். திரையில் சனங்களுக்கு என்ன காட்டப் போகிறோம் என்பது மட்டும் முதல்நாள் இரவு இஷாவுக்குப் பிறகுதான் ஞாபகம் வரும். உடனே யாராவது ஒரு புள்ளைக்கு கோல் போகும். "சின்ன ப்ரசன்டேஷன்தான், ரெண்டு படத்தப் போட்டு வடிவாக் கட்டித் தாங்களன். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலதானே."

அந்த அஞ்சு நிமிஷ வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் படிப்பிப்பது விஞ்ஞானம். சித்திரப் பாடத்துக்கும் எனக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக வெண்கட்டியோடு நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு விடயத்தை விளங்கப்படுத்துவதற்கு அந்த விடயம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. சிறுநீரகத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். அதைக் கரும்பலகையில் எங்கே தொடங்கி, எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாகக் கீறுகிறேன் என்பதில்தான் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு அது விளங்குவதும் விளங்காததும் தங்கியிருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு மாணவி. பெயர் சொல்லமாட்டேன், அவள் விரும்பவும் மாட்டாள். உம்மாவின் குடும்பம் மருதமுனையில் கைத்தறி நெய்தவர்கள். வாப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். பிளெக்ஸ் வருவதற்கு முன்னர் இந்தப் பக்கத்துச் சந்திகளில் எனாமல் பெயின்டில் கையால் எழுதிய பலகைகளில் அவருடையதும் கொஞ்சம் இருந்தன. இவள் சின்ன வயதில் தறியடியில் விளையாடி, பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் வளர்ந்தவள். கட்டம் போட்ட தாளில் ஒரு பெட்டிக்கு ஒரு நூல் என்று கணக்குப் பார்த்து கரை கீறுவதை எழுத்துப் பழகுவதற்கு முன்னரே பார்த்துவிட்டாள். பிறகு மதரஸாவில் ஒரு மௌலவியிடம் அரபு எழுத்தணி பழகினாள். உயர்தரத்தில் சித்திரம் எடுத்தாள். இப்போது வீட்டில் இருந்துகொண்டு கொம்பியூட்டரில் வடிவமைப்பு வேலை செய்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மழைக்காலத்தில் டெங்கு பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். பாடசாலையும் பள்ளிவாசலும் சேர்ந்து. எங்களுக்கு ஒரு இடத்திலிருந்து ஆயத்தமாக ஒரு ப்ரசன்டேஷன் தந்தார்கள். 34 பக்கம். ஒவ்வொன்றிலும் எட்டு ஒன்பது வரி. நுளம்பின் விஞ்ஞானப் பெயர், வைரஸின் நான்கு வகை, வருட வாரியாக அட்டவணை. தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தின் அளவுக்கு இறுக்கப்பட்டு, மேல்வரியின் ஊகாரக் கால் கீழ்வரியின் இகரக் கொம்பில் முட்டிக்கொண்டு நின்றது. எழுதப்பட்டிருந்த எதுவும் பிழையில்லை. ஆனால் அதை ஒரு பாயில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயது உம்மாவுக்குக் காட்டுவதும் சுவரைக் காட்டுவதும் ஒன்றுதான்.

அதை இந்தப் புள்ளையிடம் கொடுத்தோம். அவள் முதலில் செய்தது கொம்பியூட்டரைத் திறந்ததல்ல. ஹோலுக்கு வந்து கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "சேர், பொம்பிளையள் இங்கதானே இருப்பாங்க? இங்கருந்து பார்த்தா திரையிட கீழ்ப்பாதி தெரியாது" என்றாள். முக்கியமான எதையும் கீழ்ப்பாதியில் போடக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். எத்தனை வருடமாக அந்த ஹோலில் கூட்டம் நடக்கிறது. யாரும் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

34 பக்கம் 11 ஆகியது. முதலாவது பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. நம்ம ஊர் வளவொன்றின் படம். சாதாரணமானது, துப்புரவான வளவுதான். அடுத்த பக்கத்தில் அதே வளவு வெறும் கோட்டுப் படமாக, ஏழு இடத்தில் மட்டும் சிவப்பு வட்டம். சிரட்டை. பூச்சாடிக்குக் கீழே இருக்கும் தட்டு. இலை அடைத்த பீலி. மூடாத தண்ணீர் பரல். கழற்றி எறிந்த டயர். கோழிக்குத் தண்ணி வைக்கும் சட்டி. ஏழாவது வட்டம் வீட்டுக்குள்ளே, ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் தண்ணி வடியும் தட்டில் இருந்தது. "ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால தட்டு இரிக்கா?" என்று ஹோலில் ஒரு சலசலப்பு. அன்று பின்னேரமே ஊரில் எத்தனை ஃபிரிஜ் இழுத்துப் பார்க்கப்பட்டன என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜையும் இழுக்க வைத்தார்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நுளம்பு என்று நாங்கள் வகுப்பில் வட்டமாகக் கீறும் வாழ்க்கை வட்டத்தை அவள் சாரத்துத் துணி போல நீளமாக விரித்துவிட்டாள். நாளுக்கொரு கட்டம். வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் பச்சை. சனிக்கிழமை முட்டை, பிறகு குடம்பி, பிறகு கூட்டுப்புழு. அடுத்த பச்சைக் கட்டம் வரும்போது அது இன்னும் பறக்கவில்லை, தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அந்தப் பச்சையில் தண்ணீரை ஊற்றிவிட்டால் துணி அந்த இடத்தில் அறுந்து போகிறது. ஊற்றாவிட்டால் பத்தாவது கட்டம் போலத் துணியிலிருந்து நுளம்பு கிளம்பிப் போகிறது. ஜும்ஆவுக்குக் குளிக்கப் போவதற்கு முன்னர் வளவை ஒரு சுற்று. அவ்வளவுதான் செய்தி. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும் என்பதை நான் வருடா வருடம் படிப்பிக்கிறேன். அதை ஒரு சாரத்தின் கட்டங்களாகப் பார்க்க நெசவு தெரிந்த கண் வேண்டும். சும்மா போட்டோஷொப் தெரிந்த கண்ணுக்கு அது வராது.

எழுத்து வாப்பாவிடமிருந்து வந்தது. பலகை எழுதுகிறவருக்கு ஒரு விதி தெரியும்: பஸ்ஸில் போகிறவன் வாசிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் அவள் போடவில்லை. அளவும் ஒதுக்கமும் அரபு எழுத்தணியிலிருந்து வந்தவை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு முக்லா என்று ஒருவர் இருந்தார். அப்பாசியக் கலீபாக்களிடம் அமைச்சராக இருந்தவர். அரபு எழுத்துக்கு ஒரு கணக்கு வகுத்தவர் அவர்தான் என்று எழுத்தணி வரலாறு சொல்கிறது. கலத்தின் நுனியால் வைக்கும் ஒரு புள்ளிதான் அலகு. அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்று முதலில் தீர்மானிப்பது. பிறகு அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம். மற்ற எழுத்துகளின் வளைவெல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்து பிறக்கின்றன. கேத்திர கணிதமும் எழுத்தும் ஒரே கையில் சேர்ந்த இடம் அது. அரசியலில் சிக்கி, அந்த மனிதரின் வலது கையை வெட்டினார்கள், சிறையில் இறந்தார். நம்மவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் ஆயத்துல் குர்ஸியின் அழகுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

திரும்பி வருகிறேன். கூட்டம் முடிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். சவுண்ட் காரருக்கு 18,000 ரூபா எண்ணிக் கொடுத்தார்கள். இந்தப் புள்ளை 7,500 கேட்டிருந்தாள். அவளுக்கு "ஜஸாகல்லாஹ் கைர்" சொல்லி ஒரு நினைவுச் சின்னம் கொடுத்தார்கள். அந்தச் சின்னத்தைச் செய்த கடைக்கு 4,200. கணக்கு அறிக்கையில் நானே பார்த்தேன். "பொதுக் காரியம்தானே சேர், நன்மை கிடைக்கும்" என்றார் ஒருவர். நன்மை சவுண்ட் காரருக்கும் கிடைக்கும்தானே? அவரிடம் மட்டும் ஏன் நாம் நன்மையைச் சொல்லிக் காசைக் குறைப்பதில்லை? அவரிடம் பெட்டி இருக்கிறது, வயர் இருக்கிறது, லொறியில் ஏற்றி வருகிறார், அது கண்ணுக்குத் தெரிகிறது. இவளிடம் தெரிவது ஒரு லெப்டொப்தான். நான்கு இரவு இருந்து யோசித்தது யாருக்கும் தெரியவில்லை.

இதை ஒரு பெரிய அநியாயம் என்று ஊதிப் பெருப்பிக்க வரவில்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள், சிலர் என் நண்பர்கள், இதை வாசிப்பார்கள் என்றும் தெரியும். என் பிரச்சினை வேறு. படம் என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கும் வட்டிலப்பம் போல நினைக்கிறோம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. டெங்கு விடயத்தில் அது வட்டிலப்பம் இல்லை. 2017ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாகியது, 400க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். அந்த வருடம் நோட்டீஸ் அடிக்காமலா இருந்தோம்? அடித்தோம், கட்டுக்கட்டாக. கடலை சுற்றிக் கொடுத்த காகிதத்திலும் அந்த நோட்டீஸ்தான் இருந்தது.

உலகத்தில் இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் இருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னர், 1925இல், ஒஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் ஒட்டோ நொய்ராத் என்பவர் ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். பழைய வாளும் கிரீடமும் வைக்கும் இடமல்ல. வீடு, சம்பளம், குழந்தை இறப்பு, காசநோய் போன்ற விடயங்களைச் சாதாரண தொழிலாளிக்குப் படத்தால் காட்டும் இடம். நொய்ராத் படம் கீறுகிறவர் இல்லை. பொருளியலும் தத்துவமும் படித்தவர். அவரோடு வேலை செய்த மேரி ரைடமைஸ்டர் கணிதமும் பௌதிகவியலும் படித்த இளம் பெண். பிறகு வந்து சேர்ந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ், மரத்தைச் செதுக்கி அச்செடுக்கும் கலைஞர். மரத்தில் செதுக்குகிறவனுக்கு மெல்லிய கோடு, நிழல் எல்லாம் கிடையாது. கறுப்பு, அல்லது வெள்ளை. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் தூரத்திலிருந்து பார்த்தாலும் "இது தொழிலாளி, இது விவசாயி" என்று ஒரே பார்வையில் விளங்கும் உருவங்கள் பிறந்தன. ஏறத்தாழ 4,000 அடையாளப் படங்கள் செய்தார். ஐசோடைப் என்று பின்னர் அந்த முறைக்குப் பெயர் வந்தது. இன்று எயார்போர்ட்டிலும் ஹொஸ்பிட்டலிலும் வழிகாட்டும் சின்னச் சின்ன உருவங்களைப் பார்க்கிறீர்களே, அவற்றின் முன்னோர்களில் இதுவும் ஒன்று.

அவர்களுடைய ஒரு விதியை மட்டும் சொல்கிறேன், கணித ஆசிரியர்கள் கவனியுங்கள். ஒரு தொகை இரண்டு மடங்கு கூடினால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்காதே, அதே அளவில் இரண்டு படம் வை. ஏன்? உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் இரண்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகிவிடும். கண் பரப்பைத்தான் பார்க்கும். பரீட்சைப் பெறுபேறு வந்ததும் பாடசாலைகள் பெனர் அடிக்கின்றனவே, போன வருடம் ஒரு சின்னக் கிண்ணம், இந்த வருடம் ஒரு பெரிய கிண்ணம் என்று படம் போட்டு? அதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. படம் பொய் சொல்கிறது.

அந்தக் குழுவில் மேரி செய்த வேலைக்கு ஒரு தனிப்பெயர் வைத்திருந்தார்கள். நம் மொழியில் "மாற்றித் தருபவர்" என்று சொல்லலாம். ஒரு பக்கம் நிபுணர்கள் எண்களையும் தகவல்களையும் கொண்டு வந்து குவிப்பார்கள். மறு பக்கம் கலைஞன் கீறக் காத்திருப்பான். நடுவில் இருந்து, இந்தக் குவியலில் சனங்களுக்கு எது தேவை, எதை விட்டுவிடலாம், எதை எதற்குப் பக்கத்தில் வைத்தால் விளங்கும் என்று தீர்மானிப்பவர் அவர். நிபுணருக்கு விடயம் தெரியும், சனங்களைத் தெரியாது. கலைஞனுக்குக் கை இருக்கிறது, விடயம் தெரியாது. இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்த ஆள்தான் மாற்றித் தருபவர். என் மாணவி செய்ததும் இதே வேலைதான். 34 பக்கத்தில் 23ஐ எறிவதற்குக் கீறத் தெரிந்தால் போதாது.

1934இல் வியன்னாவில் அரசியல் மாறியது, ஒல்லாந்துக்குப் போனார்கள். 1940இல் ஜேர்மன் படை அங்கேயும் வர, நொய்ராத்தும் மேரியும் ஒரு சின்னப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார்கள். 1941இல் திருமணம் செய்தார்கள், 1945இல் அவர் இறந்துவிட்டார். மேரி வேலையை விடவில்லை. 1950களில் நைஜீரியாவின் மேற்குப் பிராந்தியத்துக்குக் கல்வி, சுகாதாரம், விவசாயம் பற்றிப் படப் பிரசுரங்கள் செய்தார். ஐரோப்பாவில் செய்து வைத்த உருவங்களை அப்படியே கொண்டுபோய் இறக்கவில்லை. அந்த ஊருக்கே போய், அங்குள்ள உடுப்பு, வீடு, பயிர் எப்படியிருக்கிறது என்று பார்த்து உருவங்களை மாற்றினார். நமக்கு வரும் போஸ்டர்களில் ஒரு மஞ்சள் முடிப் பிள்ளை வெள்ளைக்காரச் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு மேரியின் ஞாபகம் வரும்.

தூரத்து உதாரணம் என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒன்று. நாற்பத்தைந்து ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு 1979ஆம் ஆண்டு வெளியான காசுத்தாள்கள் ஞாபகமிருக்கும். ஒரு தலைவரின் முகமும் இல்லை. மீன், பறவை, வண்ணத்துப்பூச்சி, பூ. அந்தத் தாள்களை வடிவமைத்தவர் லக்கி சேனாநாயக்க. 2021இல் காலமானார். ஓவியர், சிற்பி, ஜெஃப்ரி பாவாவின் கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் கீறியவர். காலியில் ஒரு ஹோட்டலின் சுழல்படியைச் சுற்றி போர்த்துக்கேயரும் சிங்களவரும் பொருதும் உலோகச் சிற்பத்தைச் செய்தவரும் அவர்தான். கட்டடத்தின் அளவுக் கணக்கு, சிற்பத்தின் உருவம், காட்டை உட்கார்ந்து பார்த்த கண் எல்லாம் ஒருவரிடம் சேர்ந்தபடியால்தான் உள்ளங்கையளவு தாளில் ஒரு காட்டை வைக்க முடிந்தது. சின்ன வயதில் பெருநாள் காசாகக் கிடைத்த இரண்டு ரூபாத் தாளை நான் செலவழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எவ்வளவு கெட்டித்தனமான வேலை என்று அப்போது யார் சொல்லித் தந்தது?

இனி, எனக்கு வரப்போகும் பதில்களுக்கு முன்கூட்டியே.

"இப்ப கன்வா இரிக்கி, ஏஐ இரிக்கி, இனி டிசைனர் என்னத்துக்கு சேர்?" இந்தக் கேள்வி போன மாதம் ஆசிரியர் அறையிலேயே வந்தது. கன்வா நல்ல சாமான், நானும் பாவிக்கிறேன். ஆனால் அதிலுள்ள மாதிரிகள் பெரும்பாலும் இங்கிலீஷ் சொல்லின் நீளத்துக்குச் செய்தவை. இங்கிலீஷில் நான்கு எழுத்தில் முடியும் சொல் தமிழில் பதினொரு எழுத்தாகும். உடனே எழுத்தைச் சின்னதாக்குவோம், பிறகு இன்னும் சின்னதாக்குவோம், கடைசியில் பூங்கொத்துப் பெரிதாகவும் திகதி எறும்பாகவும் இருக்கும். ஏஐயிடம் படம் கேட்டால் அழகாகத்தான் தருகிறது. அதற்குள் தமிழில் எழுதச் சொன்னால், எனக்குக் கிடைத்தவற்றில், தமிழ் போல ஏதோ ஒன்று வந்தது. இதையெல்லாம் விட முக்கியம்: எந்த மென்பொருளும் தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்காது. போன வருடம் ஒரு சீனி வருத்த முகாமுக்கு அடித்த போஸ்டரில் மூலையில் க்ரீம் வைத்த கேக் படம் இருந்தது. மாதிரியில் இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"இஸ்லாத்தில் உருவம் கீறுவது?" உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய சட்டம் உலமாக்களிடம் கேட்க வேண்டியது, ஒரு விஞ்ஞான ஆசிரியரின் முகப்புத்தகத்தில் அல்ல. அந்தக் கூட்டத்துக்கு முன்னர் நுளம்புக்குக் கண் வைக்கலாமா என்று அவளிடமே ஒருவர் கேட்டார், அவள் சிரித்துவிட்டு வெறும் நிழலுருவாகப் போட்டாள். ஆனால் வடிவமைப்பு என்றால் முகம் கீறுவது மட்டும்தானா? எழுத்து, கோடு, கட்டம், நிறம், இடைவெளி. இவற்றில் நம்முடைய முன்னோர்களை விடவும் அதிகம் செய்தவர்கள் யார்? தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்து உண்டாக்கி, அரபுத்தமிழ் என்று ஒன்றையே நடத்தியவர்கள் நாம். அது எழுத்து வடிவமைப்பு இல்லாமல் வேறென்ன?

வடிவமைப்பு செய்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. உங்களில் அரைவாசிப்பேர் தரும் செய்தியை வாசிப்பதே இல்லை. ஜனாஸா அறிவித்தலுக்கும் கல்யாணக் கார்டுக்கும் ஒரே தங்க விளிம்பு. எழுத்து சுழன்று சுழன்று பறந்து வந்து விழுகிறது. பாமினியில் அடித்து அனுப்புகிறீர்கள், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் முழுக்க இங்கிலீஷ் கோதாக இருக்கிறது, மேடையில் நிற்கிறவர் முழிக்கிறார். யூனிகோடில் செய்யுங்கள், அல்லது எழுத்துருவையும் சேர்த்து அனுப்புங்கள். நான் புகழ்ந்த அந்தப் புள்ளையும் ஒரு பக்கத்தில் சுத்தம் பற்றிய ஹதீஸைத் தங்க நிறத்தில் துலுத் எழுத்தில் பின்னிப் பின்னிப் போட்டிருந்தாள். பார்க்க அழகு. ஹோலில் ஒரு மௌலவியைத் தவிர யாருக்கும் வாசிக்க முடியவில்லை. அதை அவளிடம் சொன்னேன். "அது எனக்காகப் போட்டது சேர்" என்றாள். காசு வாங்காத வேலையில் அந்தளவு உரிமை அவளுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? ஊருக்கு ஒரு கலைக்கூடம் கட்டுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வரவு செலவு போடும் தாளில் கதிரை, சவுண்ட், சாப்பாடு என்று வரும் வரிசையில் "காட்சி வடிவமைப்பு" என்று ஒரு வரி சேருங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும், பூச்சியமாக இருக்க வேண்டாம். செய்தியை ஒரு வாரத்துக்கு முன்னர் கொடுங்கள். திருத்தம் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒன்பது பேர் ஒன்பது நிறம் சொல்வார்கள், பத்தாமவர் தன்னுடைய படத்தையும் போடச் சொல்வார். அதிதிகளின் படம் ஆறு, டெங்கு ஒரு மூலையில், இதை நாம் பார்க்காததா?

பாடசாலைக்குள் இன்னும் ஒன்று. ஓ.எல் நெருங்கும்போது முதலில் பறிபோகும் பாடவேளை சித்திரம்தான். "மிஸ், உங்கட பீரியடைக் கொஞ்சம் கணக்குக்குத் தாங்க" என்று கேட்பது வழமையாகிவிட்டது. எங்கள் சித்திர ஆசிரியை அதைச் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அவருடைய அலுமாரியில் வர்ணப் பெட்டி வாங்கிய பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன, எல்லாம் அவருடைய சொந்தக் காசு. பத்தாம் தரத்துக்குப் போகும் பிள்ளை சித்திரமா, இலக்கிய நயமா, அரபு இலக்கிய நயமா என்று தெரிவு செய்யும்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எதில லேசா ஏ எடுக்கலாம்?" என்பது. பிள்ளையின் கை எதில் ஓடுகிறது என்று கேட்பவர் வருடத்துக்கு ஒருவர் இருவர்தான்.

டெங்குக் கூட்டத்துக்குப் பிறகு அந்தப் புள்ளை ஊர் வேலை செய்வதை நிறுத்திவிட்டாள். கோபத்தில் அல்ல. கட்டாரில் உள்ள ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே ப்ரசன்டேஷன் செய்து கொடுக்கிறாள், மாதச் சம்பளம், அது என்னுடையதை விடக் கூட. அவளுக்காகச் சந்தோசப்படுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் அவளிடம் திருத்தம் கேட்கும்போது நேரத்துக்கும் சேர்த்துக் காசு போடுகிறார்களாம். அங்குள்ள ஏதோ ஒரு அலுவலகத்தின் காலாண்டுக் கணக்கு இப்போது மருதமுனைக் கரை போல அழகாக விரிகிறது. இங்கே போன மழைக்கு மறுபடியும் அந்த 34 பக்கத்தைத்தான் போட்டுக் காட்டினார்கள். நான்காவது பக்கத்திலேயே பொம்பிளைகள் பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

கார்த்திகை மழை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். அதன் பின்னால் மார்கழி, தையில் நம்ம பக்கம் டெங்கு கூடும், இது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. குழுவில் இருக்கிறவர்கள் இந்த முறை அவளிடமே போய், காசு எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு வேலையைச் சொல்லிப் பாருங்கள். மறுக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவளுடைய தங்கச்சி எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் தரம். அக்காவை விடக் கை ஓடுகிறது என்று சித்திர ஆசிரியை சொல்கிறார். உம்மா போன கிழமை என்னிடம் வந்து, இவளை இலக்கிய நயத்துக்குப் போடவா என்று கேட்டார். மூத்தவள் கீறித்தான் இன்று வீடு நடக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். "அதுக்கில்ல சேர், சனம் என்னமும் சொல்லும்" என்றார். படிவம் வியாழக்கிழமைக்கு முன்னர் ஒப்படைக்க வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.